கோடு உங்களுடையது, செலவு யாருடையது?

வேலைக்குச் சேர்ந்திருக்கும் சபை வாலிபர்களுக்கு ஒரு திறந்த மடல்



படிப்பை முடித்து, தேர்வெழுதி, நேர்காணல் தாண்டி, இப்போது தாலுகா அலுவலகத்திலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் ஐ.டி. கம்பெனியிலும் உங்களுக்கென்று ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது. ஞாயிறு பள்ளியில் கற்ற பதில்கள் திங்கட்கிழமை காலையில் போதவில்லை என்பதும் கூடவே தெரிந்திருக்கும். ஆயுத பூஜைப் பொரியைக் கைநீட்டி வாங்கலாமா, டீம் பார்ட்டியில் மற்றவர்கள் குடிக்கும்போது அதே மேசையில் உட்காரலாமா, மேலதிகாரி சொல்கிறார் என்று முன்தேதி போட்டுக் கையெழுத்திடலாமா? இவற்றுக்குப் பட்டியலாகப் பதில் சொல்வது நம் சபைகளின் வழக்கம். ஆகும், ஆகாது என்று இரண்டு பத்தி. பட்டியலே கூடாது என்று சொல்ல வரவில்லை. அதில் எதைச் சேர்ப்பதற்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நாம் கேட்பதில்லை என்பதுதான் என் குறை. நான் போட்டுக்கொள்ளும் இந்தக் கோட்டுக்கு ஆகிற செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது? கிறிஸ்தவ மனச்சாட்சி போடுகிற கோட்டின் செலவை, போட்டவரே ஏற்க வேண்டும். அது பக்கத்திலிருப்பவர் தலையில் விழுமானால், எவ்வளவு பரிசுத்தமாகத் தோன்றினாலும் அந்தக் கோட்டை அழித்துவிட்டு மறுபடி யோசிப்பதே நியாயம். இதை வேதத்திலிருந்தும் சரித்திரத்திலிருந்தும் காட்ட முயல்கிறேன்.

தானியேலிடமிருந்து தொடங்குவோம், வாலிபர் கூட்டத்தில் அவன் பெயர் வராத வருஷமே இல்லை. ராஜாவின் சாப்பாட்டால் தன்னைத் தீட்டுப்படுத்திக்கொள்வதில்லை என்று அவன் முடிவெடுத்ததைப் பற்றி நிறையப் பிரசங்கிக்கிறோம். அதற்கடுத்த வசனங்களை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். பிரதானிகளின் தலைவன் பயப்படுகிறான். இந்தப் பையன்கள் முகம் வாடி நின்றால் ராஜா என் தலையை வாங்கிவிடுவான் என்கிறான். நியாயமான பயம். தானியேல் அவனுக்கு விசுவாசத்தைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை, என் தேவன் பார்த்துக்கொள்வார் என்று அடித்துப் பேசவும் இல்லை. பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள் என்று தங்களைக் கவனிக்க வைக்கப்பட்டிருந்த விசாரணைக்காரனிடம் தவணை கேட்கிறான். சரிப்படாவிட்டால் பத்தே நாளில் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். ராஜாவின் கண்ணுக்கே அது போகாது. தன் கொள்கைக்காக யார் தலையாவது போவதானால் அது சாப்பாட்டுப் பொறுப்பிலிருக்கும் அதிகாரியின் தலையாக இருக்கக்கூடாது என்ற அக்கறை அந்தத் தவணைக்குள் இருக்கிறது. பிற்காலத்தில் ஜெபத்துக்காகச் சிங்கக் கெபி என்று வந்தபோது உள்ளே போடப்பட்டவன் அவனேதான். வேறொருவரை முன்னால் தள்ளவில்லை.

இதையே அலுவலக மேசையில் வைத்துப் பார்க்க ஜான் உல்மன் உதவுவார். 1720-ல் நியூஜெர்சியில் பிறந்தவர், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். மவுண்ட் ஹாலி என்ற ஊரில் ஒரு கடையில் வியாபாரம் பார்த்துக் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தார். பத்திரம் எழுதவும் தெரியும். ஒருநாள் முதலாளி தன்னிடமிருந்த கறுப்பினப் பெண் ஒருத்தியை விற்றுவிட்டு, விற்பனைச் சீட்டை எழுதச் சொன்னார். வாங்கியவர் காத்திருக்கிறார், அவரும் ஒரு குவேக்கர், வயதானவர். உல்மன் எழுதிவிட்டார். அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று இருவர் முன்னாலும் சொன்னார், ஆனால் சீட்டு எழுதியாகிவிட்டது, அந்தப் பெண் கைமாறிவிட்டாள். அந்த உறுத்தலைத் தன் நாட்குறிப்பில் அவர் மறைக்கவில்லை. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட பத்திரத்தை எழுத மறுத்தார். பின்னொரு சமயம், அடிபட்டுப் படுத்திருந்த அண்டைவீட்டுக்காரர் ஒருவர் தன் உயிலை எழுதச் சொன்னார். மற்றதையெல்லாம் எழுதிய உல்மன், அடிமைப் பெண்ணைப் பிள்ளைக்கு விட்டுப்போகும் பகுதியை மட்டும் எழுதாமல் தாளைப் படுக்கையருகே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினார். ஏன் எழுதவில்லை என்று சொன்னார். எழுதிய வரைக்கும் கூலி வேண்டாம் என்றார். இருவரும் மனம் விட்டுப் பேசினார்கள். அந்தப் பெண்ணை விடுதலை செய்ய நோயாளி சம்மதித்தார். உல்மன் உயிலை எழுதி முடித்தார். அடிமை வைத்திருந்த வீடுகளில் தங்க நேர்ந்தபோது, தனக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் காசு கொடுப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டார்.

கூலி வேண்டாம் என்ற அந்தச் சின்ன விவரத்தில்தான் என் வாதமே நிற்கிறது. கோபமாக எழுந்துபோயிருந்தால் உல்மனின் கை சுத்தமாக இருந்திருக்கும். நோயாளிக்கு உயில் இருந்திராது, அந்தப் பெண்ணுக்கு விடுதலையும் இருந்திராது. அவர் தன் வருமானத்தை இழந்தார், சங்கடமான ஒரு பேச்சை இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்படிப்பட்டவர்களின் விடாப்பிடியால் 1758-ல் பிலடெல்பியா குவேக்கர்களின் ஆண்டுக்கூட்டம், அடிமை வைத்திருக்கும் உறுப்பினர்களை வீடுவீடாகப் போய்ப் பார்த்துப் பேச ஆட்களை நியமித்தது. 1776-ல் அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்கவே முடியாது என்றாயிற்று. உல்மன் அதைப் பார்க்கவில்லை; 1772-ல் இங்கிலாந்தில் அம்மை கண்டு இறந்துபோனார்.

இதற்கு நேர் எதிரானது மாற்கு 7-ல் இருக்கிறது. தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் கொர்பான் என்று தேவனுக்கு நேர்ந்துவிட்டால், அப்புறம் அவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்ற ஏற்பாடு. வெளிப்பார்வைக்கு எவ்வளவு பக்தி! மகனுடைய பக்திக்கு வயதானவர்கள் விலை கொடுத்ததால்தான் இயேசு அதை அவ்வளவு கடுமையாகச் சாடினார். நம் ஊரில் கொர்பான் வேறு பெயர்களில் நடமாடுகிறது. ஊழியத்துக்கென்று சம்பளத்தை ஒப்புக்கொடுத்துவிட்டு வீட்டு வாடகையை அண்ணனிடம் தள்ளுவது ஒன்று. மருந்து எடுப்பதில்லை என்பது சில சபைகளின் நிலைப்பாடு. வளர்ந்த ஒருவர் தன் உடம்பைப் பற்றி அப்படி முடிவெடுத்தால், எனக்கு உடன்பாடு இல்லையென்றாலும், அது அவருடைய விசுவாசம், அவருடைய காய்ச்சல். மூன்று வயதுக் குழந்தையின் காய்ச்சலுக்கும் அதே கோட்டைப் போடும்போது விசுவாசம் ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது. இதைச் சொன்னால் அவிசுவாசி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நம் சபைகள் எங்கெங்கே கண்டிப்பாக இருக்கின்றன என்று கவனித்துப் பாருங்கள். பொட்டு, பூ, நகை. பெரும்பாலும் பெண்களின் நெற்றியிலும் தலையிலும் கழுத்திலும்தான் கோடு விழுகிறது. போடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கல்யாணப் பேச்சு வந்ததும் அதே கோடு மங்கிவிடுகிறது. ‘நாங்க எதுவும் கேட்கலை, உங்க பொண்ணுக்கு நீங்க செய்றதைச் செய்யுங்க’ என்ற வாசகம் நம் வீடுகளுக்குப் புதிதில்லை. 1961-ன் வரதட்சணைத் தடைச் சட்டம் வாங்குவதையும் கொடுப்பதையும் குற்றமாக்கியது. கேட்காமல் தரப்படும் பரிசுகளுக்கு விலக்கு வைத்தது. அந்தப் பரிசுகளும் பட்டியலில் எழுதப்பட வேண்டும், வழக்கத்தையொட்டியதாக இருக்கும்போது கொடுப்பவரின் வசதிக்கு மிஞ்சக்கூடாது என்கிறது சட்டம். நாம் விலக்கை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம். பெண்ணின் அப்பா நிலத்தை விற்று நகைக்கடைக்குப் போய்வந்த பிறகு, எனக்கு இதில் விருப்பமில்லை என்று மாப்பிள்ளை முணுமுணுப்பதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. விவாக அறிவிப்பு வாசிக்கத் தொடங்குவதற்கு முன், நிச்சயத்துக்கும் முன், தன் சொந்த அம்மாவின் முகச்சுளிப்பைத் தாங்கிக்கொண்டு பையனே இரண்டு வீட்டாரிடமும் நேரில் சொல்லியாக வேண்டும். அப்போதுதான் அது அவனுடைய கோடு. ஜாதியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். வடக்கன்குளத்தில் வெள்ளாளரும் நாடாரும் கலவாமல் பூசை காண்பதற்கென்று ஒரே கோயிலைச் சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். 1910-ல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டபோது, உரிமை போய்விட்டதென்று ஒரு தரப்பு கோர்ட்டுக்குப் போய்த் தோற்றது. அதுவும் ஆசாரம் காக்கும் கோடு என்றுதான் கருதப்பட்டது. சுவரின் செலவு முழுவதும் மறுபக்கத்தில் நின்றவர்களுடையது.

பொரிக்கு வருவோம். சின்ன விஷயந்தான், ஆனால் இதைப் போன்ற ஒன்றுக்குப் பவுல் முதலாம் கொரிந்தியரில் மூன்று அதிகாரங்கள் செலவிட்டிருக்கிறார். கொரிந்துச் சந்தையில் விற்ற இறைச்சியில் எது கோயிலில் படைத்தது, எது படைக்காதது என்று சொல்ல முடியாது. கடையில் விற்பதைத் துருவிக் கேட்காமல் வாங்கலாம், விருந்துக்கு அழைத்தால் போய் வைத்ததைச் சாப்பிடலாம், இது படையல் என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனச்சாட்சியை முன்னிட்டு விட்டுவிடலாம் என்பது அவர் காட்டும் வழி. விக்கிரகக் கோயிலின் பந்தியிலேயே பங்கெடுப்பதை அவர் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாதியை மட்டும் சொல்வது நேர்மையாகாது. என் சாப்பாடு சகோதரனுக்கு இடறலானால் இறைச்சியே வேண்டாம் என்று அவர் சொல்லும்போது, எடுத்துவைப்பது தன் தட்டிலிருப்பதை. நம் அலுவலகங்களில் நடப்பது வேறு. பொட்டலத்தை ஆசையாக நீட்டுகிற அக்காவிடம் எல்லார் முன்னாலும் ‘நாங்க இதெல்லாம் சாப்பிட மாட்டோம்’ என்று கையை இழுத்துக்கொள்ளும்போது, அந்த அக்காவின் முகம்தான் விலை கொடுக்கிறது. மனச்சாட்சி இடம் தரவில்லையென்றால் முந்தின நாளே தனியாகச் சொல்லிவிடலாம். மேசை துடைக்கவும் அலமாரியை ஒதுக்கவும் கைகொடுக்கலாம். ஒருவர் சாப்பிடட்டும், இன்னொருவர் சாப்பிடாமல் இருக்கட்டும். ரோமர் 14 இருவருக்கும் இடம் விடுகிறது. ஒருவரையொருவர் நியாயந்தீர்ப்பதற்குத்தான் அங்கே இடமில்லை. பார்ட்டி மேசைக்கும் இதே அளவுகோல் போதும்.

கையூட்டு அப்படி இரண்டு பக்கமும் இடமுள்ள விஷயம் இல்லை. யோர்தானில் ஆயக்காரர்கள் வந்து என்ன செய்வது என்று கேட்டபோது யோவான் ஸ்நானகன் வேலையை விடச் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதே என்றான். போர்ச்சேவகரிடம், மிரட்டிப் பறிக்காதே, சம்பளத்தோடு திருப்தியாயிரு என்றான். நம் கிறிஸ்தவ ஊழியர்கள் சிலர் எடுக்கும் நிலை நடுவாந்தரமானது: ‘நான் தொட மாட்டேன், பக்கத்து சீட்ல பார்த்துக்குங்க.’ கை சுத்தம். வாரிசுச் சான்றிதழுக்கு அலையும் விதவை கொடுக்கிற தொகையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வேறு சிலர் பங்கை வாங்கிக் காணிக்கைப் பெட்டியில் போட்டு மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். கேடான வருமானத்தை ஆலயத்துக்குக் கொண்டுவராதே என்று உபாகமம் 23 சொல்வது இவர்களுக்குத் தெரியாததல்ல. அந்த விதவையை உட்காரவைத்து, என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரே தடவையில் எழுதிக் கொடுத்து, வரிசைப்படி மனுவைத் தானே நகர்த்திவிட்டால் அது கோடு. சாயங்காலம் ஒரு மணி நேரம் கூடுதலாகப் போகும். பக்கத்து சீட்டின் சிநேகமும் போகலாம். கவுண்டருக்கு வெளியே நிற்கும்போதும் நமக்குப் பொறுப்பு உண்டு. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தப்படி கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம்.

இதெல்லாம் நியாயப்பிரமாணம் ஆயிற்றே, நாம் கிருபைக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்லவா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்விதான். சகேயு ஏமாற்றியதை நாலத்தனையாகத் திருப்பித் தந்ததால் இயேசு அவன் வீட்டுக்கு வரவில்லை. வந்ததால் அவன் தந்தான். கோடு இரட்சிப்பைச் சம்பாதித்துத் தராது. பவுல் கலாத்தியரோடு சண்டை போட்டது, தங்கள் கோட்டை மற்றவர்களின் உடம்பில் போடத் துடித்தவர்களை எதிர்த்து. என் செலவில் நான் போடும் கோட்டை வைத்து இன்னொருவரை அளக்க எனக்கு முகாந்திரம் இல்லை. அவருடைய சம்பளமும் வீட்டு நிலவரமும் எனக்குத் தெரியாது.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் பெண்களிடமிருந்து வருகிறது, வர வேண்டியதும்கூட: ஒழுக்கத்துக்கென்று ஆண்கள் போடும் கோட்டின் செலவு எங்கள் தலையில் விழுகிறதே என்பது. 1948 நவம்பரில் கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் பில்லி கிரகாமும் உடனூழியர்களும் கூடி, சுவிசேஷகர்கள் எங்கெங்கே விழுகிறார்கள் என்று யோசித்துச் சில எல்லைகளை வகுத்தார்கள். பணம், பாலியல் ஒழுக்கம், உள்ளூர் சபைகளோடு உறவு, மிகைப்படுத்தாத விளம்பரம். கூட்டத்தின் அளவைத் தாங்களே ஊதிச் சொல்லாமல் போலீஸும் மைதான நிர்வாகிகளும் சொல்வதை ஏற்பது என்பதும் அதில் அடக்கம். (நம் கன்வென்ஷன் போஸ்டர்களுக்கு இந்த ஒன்றையாவது இறக்குமதி செய்யலாம்.) 1950-ல் அட்லாண்டா கூட்டத்தின் காணிக்கை மூட்டைகளைப் பத்திரிகை படம் போட்டதற்குப் பிறகு, கிரகாம் அன்பின் காணிக்கையை விட்டு நிலையான சம்பளத்துக்கு மாறினார். அவர் பாக்கெட்டுக்குத்தான் நஷ்டம், நல்ல கோடு. மனைவியல்லாத பெண்ணோடு தனியே சாப்பிடுவதில்லை, பயணம் செய்வதில்லை என்ற அவருடைய வழக்கம்தான் விவாதத்துக்குரியது. அலுவலகத்தில் மேலாளர் இதைக் கடைப்பிடித்தால் ஆண்களோடு டீ குடித்தபடி திட்டம் பேசுவார்; பெண்ணுக்கு அந்தப் பேச்சும் பதவி உயர்வும் எட்டாது. அவருடைய ஒழுக்கத்துக்கு அவள் தன் சம்பளத்தில் பங்கு போடுகிறாள். ஆகவே இந்தக் கோடு வேண்டுமென்பவர் ஆண்களோடும் தனியே பேச வேண்டாம். இல்லாவிட்டால் கண்ணாடிக் கதவுள்ள அறையில் எல்லாரோடும் ஒரேபோலப் பேசட்டும்.

சென்னையில் பிறந்து உலகமெங்கும் சுவிசேஷம் பேசிய ரவி சகரியாஸ், பெண்களோடு தனியே இருப்பதில்லை என்பது தன் நெடுநாள் வழக்கம் என்று 2017-ல் அறிக்கை விட்டார். அதே ஆண்டில், தன்மேல் புகார் சொன்ன பெண்மீதே வழக்கும் போட்டிருந்தார். அவர் இறந்த பின், 2021 பிப்ரவரியில், அவருடைய நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர்களின் அறிக்கை பாலியல் அத்துமீறல்களை உறுதிசெய்தது. ஊர் அறிய அறிவித்த கோடு அவர் பெயரைக் காத்தது, பெண்களைக் காக்கவில்லை.

என் வாதத்துக்கே வருகிற வலுவான மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. நேர்மையானவரைத் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடித்தால் மனைவி தன் வேலையை விட வேண்டியிருக்கிறது, பிள்ளை பள்ளி மாற வேண்டியிருக்கிறது. செலவை அவர் மட்டுமா கொடுக்கிறார்? இல்லை. இதை முழுவதும் அவிழ்த்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். தெரிந்து தோள்கொடுப்பதும் தெரியாமல் தலையில் விழுவதும் ஒன்றல்ல என்பது வரைக்கும் சொல்லலாம். கல்யாணத்துக்கு முன்பே, என் வேலையில் நான் வாங்குவதில்லை, அதனால் இன்னின்ன வரலாம் என்று சொல்லிவிட்டால், அவளுக்கு ஆமென்று சொல்லவும் இல்லையென்று சொல்லவும் வாய்ப்பு இருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அங்கேதான் சபை உள்ளே வர வேண்டும். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்பது அப்போஸ்தலர் சொன்னது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஒரு தேவாலயமும், சில இடங்களில் பக்கத்திலேயே சபையின் பள்ளிக்கூடமும் இருக்கும். கல்வியாண்டின் நடுவில் அப்படி ஒரு குடும்பம் உங்கள் ஊருக்கு வந்தால், வாலிபர் ஐக்கியத்தார் நாலு பேர் போய் வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுங்கள். தாளாளரைப் பார்த்துப் பிள்ளைக்கு ஓர் இடம் கேளுங்கள். அவர் கட்டட நிதி என்று ரசீதில்லாத தொகை ஏதும் சொன்னால், எழுந்து வந்துவிடாமல் அங்கேயே உட்கார்ந்து, ரசீது உண்டா என்று கேளுங்கள்.

கிறிஸ்துவின் அன்புடன்,
உங்கள் சகோதரன்